முப்பத்தொன்பதரை

டிகிரிக்காரரை அடையாளம் காண்பது ஒன்றும் சிரமமில்லை. உங்கள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கைக்குட்டையைப் பிழிந்தால் ஒரு தொட்டிச் செடிக்குத் தண்ணீர் விட்டுவிடலாம். பேருந்து நிறுத்தத்துக் கம்பியைத் தெரியாமல் தொட்டுவிட்டு, விரலை வாயில் வைத்துக்கொண்டு நிற்பீர்கள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்திலிருந்து நிதானமான ஒரு குரல் வரும்: "இன்னைக்கு வெறும் முப்பத்தேழுதான்." அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர்தான் அவர்.

"உஸ், என்ன வெயில்!" என்று நீங்கள் சொன்னது ஒரு பெருமூச்சு. அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் டிகிரிக்காரர் அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்கிறார். கேள்வி என்று வந்துவிட்டால் விடை சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. விடை ஓர் எண்ணாக இருக்க வேண்டும். அந்த எண் உங்கள் வியர்வையைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்பது.

கோடையில் மட்டும் நடமாடும் இனம் என்று நினைத்துவிடாதீர்கள். மழைக்காலத்தில் நீங்கள் முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வரும்போது, "இதை மழைன்னா சொல்றீங்க? தூறல்" என்பார். குளிர்காலத்தில் நீங்கள் போர்வைக்குள் சுருண்டு கிடந்தால், "இருபது இருக்கு, இதுக்குப் போய்ப் போர்வையா?" என்பார். சொல்லும்போது அவர் தலையைச் சுற்றி மப்ளர் இருக்கும். மப்ளருக்கும் டிகிரிக்கும் சம்பந்தமில்லையாம். அது வீட்டில் கட்டிவிட்டது.

இப்படிப்பட்டவர்களில் ஒருவரை மட்டும் எடுத்து, கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஒரு சலவை நிலையத்தின் மேனேஜர் அவர். விடுதிகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, மடித்துத் திருப்பி அனுப்பும் இடம். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சம்பள நாளில் கையெழுத்துப் போடும் பட்டியலில் மட்டும்தான் பார்க்க முடியும். மற்ற நாட்களில் அவர் டிகிரியார். முகத்துக்கு நேரே சார்.

டிகிரியாரிடம் ஒரு வெப்பமானி இருந்தது. பழைய காலத்து மரப்பலகையில் பொருத்திய கண்ணாடிக் குழாய். உள்ளே சிவப்புக் கோடு. பலகையின் இடப்பக்கம் பாரன்ஹீட், வலப்பக்கம் செல்சியஸ். ஒரே கோடுதான். இடப்பக்கம் பார்த்தால் நூற்றி மூன்று. வலப்பக்கம் பார்த்தால் முப்பத்தொன்பதரை. எந்தப் பக்கம் பார்ப்பது? அது யாரிடம் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது.

பனி கொட்டும் ஒரு தூர தேசத்தில் அவருடைய அண்ணன் இருந்தார். அண்ணனிடம் பேசும்போது இடப்பக்கம்.

"அண்ணே, இங்க நூத்தி மூணு! கேட்குதா? நூத்தி மூணு!"

"கேட்குதுடா. இங்க மைனஸ் பதினெட்டு."

மாசி பிறந்ததுமே தொடங்கிய வெயில் என்றும், சாலைத் தார் செருப்பில் ஒட்டுகிறது என்றும், குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது என்றும் டிகிரியார் அடுக்கிக்கொண்டே போவார். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காதைத் தொட்டா கழண்டு கையோட வந்துடும் போல இருக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். போனை வைத்தபிறகு டிகிரியார் விரலால் காற்றில் ஒரு கோடு போட்டுப் பார்ப்பார். அந்த மைனஸ் என்ற சின்னக் கோடு இருக்கிறதே, அதுதான் அவரைத் தோற்கடித்தது. எத்தனை பெரிய எண்ணைச் சொன்னாலும் அதற்கு முன்னால் போட ஒரு கோடு தன்னிடம் இல்லையே என்ற ஏக்கம் அவருக்கு நெடுநாளாக இருந்தது.

தொழிலாளிகளிடம் பேசும்போது வலப்பக்கம். "முப்பத்தொன்பதுதான்மா. நாற்பதுக்குள்ளதான் இருக்கு. போய் வேலையைப் பாருங்க."

வீட்டிலும் வலப்பக்கம்தான்; வேலையிடத்தில் பார்த்துவிட்டு வந்த அளவுதான் அங்கேயும் சட்டம். முப்பத்திரண்டுக்குக் கீழே மின்விசிறி இரண்டில் ஓடும். முப்பத்திரண்டைத் தாண்டினால் மூன்று. நான்காம் எண் விருந்தாளிகளுக்கு. அவர் மனைவி அடுப்படியிலிருந்து முகத்தை முந்தானையால் துடைத்தபடி வந்து, "என்னங்க, அந்தப் பலகையை ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பு மேல மாட்டிப் பாருங்களேன்" என்று கேட்டதுண்டு.

"அடுப்பு மேல மாட்டினா அது அடுப்போட சூடு. வெயில் ஆகாது."

"நான் அங்கதான நிக்கிறேன்?"

"நீ நிக்கிறது வேற விஷயம்."

வேற விஷயம் என்பது டிகிரிக்காரர்கள் அனைவருக்கும் பொதுவான சொல். எண் ஒரு பக்கம் இருக்கும், ஆள் இன்னொரு பக்கம் இருப்பார். இரண்டையும் யாராவது சேர்த்துப் பேசினால் அது வேற விஷயம்.

இப்போது சலவை நிலையத்துக்கு வருவோம். பின்கட்டில் தகரக் கூரை போட்ட நீளமான அறை ஒன்று. அதுதான் இஸ்திரி அறை. நடுவில் உருளை இயந்திரம்: ஆள் நீளத்துக்கு ஓர் உருளை, உள்ளே நீராவி. ஈர விரிப்பை இந்தப் பக்கம் இரண்டு பேர் இழுத்துப் பிடித்து உள்ளே விட்டால், அந்தப் பக்கம் அப்பளம் மாதிரி மொடமொடவென்று வெளியே வரும். விரிப்பிலிருந்த ஈரமெல்லாம் எங்கே போகும்? அறைக்குள்தான். மேலே தகரம், பக்கத்தில் பாய்லர், நடுவில் உருளை, சுற்றிலும் ஆவி. அதற்குள் ஆறு பேர்.

அந்த ஆறு பேருக்கும் தலைவி டிகிரியாரின் மைத்துனி. மனைவியின் தங்கை. மடிப்பு மேஜை அவள் பொறுப்பு. வாயும் அவள் பொறுப்பு. "வேலை செய்யற இடத்துல சார்னு கூப்பிடு" என்று அவர் எத்தனையோ முறை சொல்லிவிட்டார். அவளும் ஒப்புக்கொண்டாள். "சரிங்க சார் அத்தான்."

உருளையில் விரிப்பை விடுபவர் ஒரு பெரிய ஆள். உருளை அண்ணன் என்று பெயர். கதவு நிறைய உடம்பு; பேச்சு மட்டும் கிடையாது. கோடை தொடங்கியதிலிருந்து அவருக்குத் தலை சுற்றிக்கொண்டு வந்தது. முதல் முறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த முறை மூட்டைகள் மேல் உட்கார்ந்தார். மூன்றாம் முறை உருளைக்கு வெகு அருகில் கை போய்விட்டது. பக்கத்தில் நின்ற பெண் சட்டையைப் பிடித்து இழுத்ததால் விரல்கள் தப்பின. அன்றிலிருந்து மைத்துனிக்கு ஒரே குறி: உச்சி வெயில் நேரத்தில் உருளை நிற்க வேண்டும்.

அதற்கு விதி இருந்தது. டிகிரியாரே எழுதிய விதி. முதலாளி எங்கோ ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, "வெயில் காலத்துல ஆட்களைப் பார்த்துக்கணுமாம், ஏதாவது எழுதி மாட்டுங்க" என்று சொன்னதன்பேரில், அழகான கையெழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார்: "வெப்பமானி நாற்பது டிகிரி காட்டினால் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை உருளை நிறுத்தப்படும்."

நாற்பது. நல்ல எண். உருண்டையான, மறக்க முடியாத எண். ஆனால் டிகிரியாரின் பொறுப்பில் வெப்பமானி ஒருநாளும் நாற்பது காட்டியதில்லை.

ஏன் என்று கேட்கிறீர்களா? அது எங்கே மாட்டியிருந்தது என்று முதலில் கேளுங்கள். அலுவலக அறைக்கும் துவைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு நடை. கனத்த காரைக் கூரை. வடக்குப் பார்த்த வாசல். ஒரு வேப்பமரத்தின் நிழல் பகலெல்லாம் அங்கே விழும். குடிதண்ணீர்ப் பானைகளுக்கு ஈரச்சாக்கு சுற்றி அங்கேதான் வைப்பார்கள். மத்தியானம் பூனைகூட அந்த நடையில்தான் படுக்கும். அந்தப் பூனைக்கு நேர் மேலே ஓர் ஆணி. அந்த ஆணியில் வெப்பமானி.

இதில் சூது ஏதும் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். வெப்பமானியை நேர் வெயிலில் மாட்டக்கூடாது, காற்றோட்டமான நிழலில்தான் மாட்ட வேண்டும் என்பது முறையான விஷயம். ஊரின் வெயிலை அளக்க அதுதான் வழி. டிகிரியார் அந்த முறையை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினார். ஆனால் உருளையில் விரிப்பு விடுவது ஊர் இல்லை. ஆறு பேர். அவர்கள் நடையில் வேலை செய்யவில்லை. இந்தச் சின்ன விஷயம் மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால், வேற விஷயம் என்று தள்ளியிருப்பார்.

உச்சிப்பொழுதில் அவர் அளவு பார்க்கும் சடங்கைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அலுவலக அறையின் குளிர்சாதனத்தை நிறுத்தமாட்டார். கதவை மட்டும் நன்றாகச் சாத்திவிட்டு வெளியே வருவார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பூனையைத் தாண்டுவார். வெப்பமானிக்கு எதிரே கால்களைச் சேர்த்துவைத்து, கண் மட்டம் சரியாக வரும்வரை கழுத்தை நீட்டியும் குறுக்கியும் நிற்பார். மூச்சை அடக்கிக்கொள்வார், மூச்சுக் காற்றின் சூடு கோட்டில் பட்டுவிடக்கூடாது அல்லவா? பிறகு, தேர்தல் முடிவைப் படிப்பவரைப்போல, "முப்பத்தொன்பது" என்பார்.

மைத்துனி எட்டிப் பார்ப்பாள். "நாப்பதைத் தொட்டுக்கிட்டு நிக்குதே அத்தான்."

"நீ குட்டை. கீழேயிருந்து பார்த்தா ஏறித்தான் தெரியும்."

"ஸ்டூல் போட்டுக்கவா?"

"ஸ்டூல் போட்டாலும் முப்பத்தொன்பதரைதான்."

"அந்த அரை?"

"அரைங்கிறது முழுசு இல்லை. பாதி ஆள் வந்தான்னு வருகைப் பதிவேட்டுல போடறோமா? புள்ளிக்கு அப்புறம் வர்றதெல்லாம் கணக்குல வராது."

இதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. சிரிக்காமல் கேளுங்கள். தன் பொறுப்பில் ஒரு கோடைகூட நாற்பதைத் தொட்டதில்லை என்பதில் அவருக்கு உண்மையாகவே பெருமை. ஏதோ சூரியனே இவரிடம் வேலை பார்ப்பதுபோலவும், கொஞ்சம் இடம் கொடுத்தால் தலைக்குமேல் ஏறிவிடும் என்பதால் முப்பத்தொன்பதரையிலேயே அடக்கி வைத்திருப்பதுபோலவும் ஒரு நினைப்பு. பக்கத்துத் தெருவில் ஒரு தறிக்கூடத்தில் போன கோடையில் பல நாள் மத்தியான ஓய்வு விட்டார்களாம். "அங்க நிர்வாகம் சரியில்லை" என்றார் டிகிரியார்.

அப்படி இருக்கையில் ஒருநாள் ஒரு பெரிய விடுதியிலிருந்து மூட்டைகள் வந்து இறங்கின. மாலைக்குள் திருப்ப வேண்டும். காற்று அசையவில்லை. வேப்பமரம் வர்ணம் பூசிய மரம்போல நின்றது. நடையில் படுத்திருந்த பூனை எழுந்து ஈரச்சாக்கின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. அன்றைய அளவு: முப்பத்தொன்பதரை.

அலுவலக அறைக் கதவு தட்டாமலே திறந்தது. மைத்துனி.

"சார் அத்தான், உருளை அண்ணனுக்கு மறுபடியும் தலை சுத்துது. வெளியில உட்கார வச்சிருக்கேன்."

"தண்ணி குடிக்கச் சொல்லு."

"குடிச்சாச்சு. மெஷினை மூணு மணி வரைக்கும் நிறுத்துங்க."

"இன்னைக்கு அளவு என்ன?"

"அளவைத் தூக்கிக் குப்பையில போடுங்க. போன வாரம் அவர் கை போயிருக்கும்."

"அளவு இல்லாம எப்படிம்மா நிறுத்தறது? உனக்குச் சூடா இருக்கு, இன்னொருத்தருக்குச் சூடா இருக்காது. ஆளுக்கு ஆள் மாறுறதை வச்சு நிர்வாகம் பண்ண முடியுமா? எனக்கு இப்ப வியர்க்கவே இல்லை, பாரு."

அது உண்மை. அவருக்கு வியர்க்கவில்லை. அவர் தலைக்குமேல் குளிர்சாதனம் மெல்ல ரீங்காரம் செய்துகொண்டிருந்தது. மைத்துனி அதை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். இவ்வளவு நேரமும் இருந்த கோபம் போய், அவள் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. அக்காளைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்த மரியாதையைக் கண்டால் டிகிரியார் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்வார்.

"நீங்க சொல்றது சரி அத்தான். எங்களுக்குத்தான் உடம்பு வளையலை. உருளையில ஓர் ஆள் குறையுது. நீங்க வந்து அண்ணன் இடத்துல மூணு மணி வரைக்கும் நில்லுங்க. நின்னு காட்டிட்டா, இனிமே நாப்பதுங்கிற பேச்சையே எடுக்கமாட்டேன். இது எங்க அக்கா மேல சத்தியம்."

"நிக்கலைன்னா?"

"பெருசா ஒண்ணும் வேண்டாம். அந்தப் பலகையை நான் சொல்ற இடத்துல மாட்டணும்."

டிகிரியார் யோசித்தார். இடம் மாறினால் என்ன? எங்கே மாட்டினாலும் அளவு அளவுதானே? தவிர, இது சுலபமான பந்தயம். முப்பத்தொன்பதரையில் நின்று யாராவது செத்திருக்கிறார்களா? வெயில் என்பது பாதி மனசு. அவர் முழுக்கைச் சட்டையின் பொத்தானை மணிக்கட்டுவரை போட்டுக்கொண்டார். அளவின்மேல் தனக்கிருக்கும் நம்பிக்கையைக் காட்ட அதைவிட வேறு வழி தெரியவில்லை.

இஸ்திரி அறைக்குள் காலை வைத்ததும் அவருடைய கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. துடைத்தார். மறுபடி வெள்ளை. சுவர்க்கடிகாரம் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியவில்லை. "ஒண்ணுமில்லை, ஈரப்பதம்" என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். யாரும் மறுக்கவில்லை. விரிப்பின் ஒரு முனை அவர் கைக்கு வந்தது.

முதல் பத்து விரிப்புகளுக்கு அவர் பேசினார். வியர்வை என்பது உடம்பின் இயற்கையான ஏற்பாடு என்றார். பாலைவனத்தில் மனிதர்கள் குடும்பம் நடத்துகிறார்கள் என்றார். அடுத்த பத்துக்குத் தலையை மட்டும் ஆட்டினார். அதற்கடுத்து தலை தானாகவே ஆடியது. மைத்துனி ஒரு குவளைத் தண்ணீரை நீட்டினாள். "வேண்டாம், முப்பத்தொன்பதுக்கெல்லாம் நான் குடிக்கிறதில்லை" என்றார்.

"அத்தான், போதும். வெளியில வாங்க. பந்தயமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்." அவள் குரலில் இப்போது கேலி இல்லை.

"மணி என்ன?"

"இன்னும் ஒண்ணு ஆகலை."

டிகிரியாருக்கு எங்கேயோ ஒரு சந்தேகம் முளைத்தது. நடையில் முப்பத்தொன்பதரை. இங்கே ஒருவேளை, ஒரு பேச்சுக்குத்தான், நாற்பது இருக்குமோ? நாற்பதே இருக்கட்டும். அது பாரன்ஹீட்டில் எவ்வளவு? அவருக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் தெரிந்த கணக்கு: ஒன்பதால் பெருக்கு, ஐந்தால் வகு, முப்பத்திரண்டைக் கூட்டு. நாற்பதை ஒன்பதால் பெருக்கினார். முந்நூற்றறுபது. ஐந்தால் வகுத்தார். எழுபத்திரண்டு. அதற்குப் பிறகு ஏதோ ஒன்று செய்ய வேண்டும். என்ன அது? முப்பத்திரண்டு ஆவியோடு ஆவியாகப் போய்விட்டது. எழுபத்திரண்டு! எழுபத்திரண்டு என்றால் நல்ல குளுகுளு நாள் அல்லவா? அவர் முகம் மலர்ந்தது. விரிப்பைக் கைவிட்டுவிட்டு ஒரு விரலை உயர்த்தி, அறை முழுவதும் கேட்கும்படி, "எழுபத்திரண்டுதான்!" என்று அறிவித்தார்.

அறிவித்துவிட்டு விழுந்தார்.

விழுந்தவரைத் தரையில் படாமல் பிடித்தது உருளை அண்ணன். தலைசுற்றலோடு வாசலில் உட்கார்ந்திருந்தவர், எப்படி வந்தார் என்று தெரியாது. ஒரு மூட்டையைப்போல அவரைத் தோளில் போட்டுக்கொண்டார். கோடை முழுக்க வாய் திறக்காத அந்த மனிதர் அப்போதுதான் திறந்தார்: "மெஷினை நிறுத்துங்க!" உருளை நின்றது. அந்த நிலையத்தில் உச்சிப்பொழுதில் உருளை நின்றது அதுவே முதல் தடவை. வெப்பமானி அப்போதும் முப்பத்தொன்பதரைதான் காட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த தெருவில் ஒரு சின்ன மருத்துவமனை. அங்கே கண் விழித்தபோது டிகிரியாரின் மேல் ஈர விரிப்பு போர்த்தியிருந்தது. அவர்கள் நிலையத்திலேயே துவைத்த விரிப்புதான். அக்குளில் ஐஸ் பை, கையில் குளுக்கோஸ். கால்மாட்டில் மனைவி கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் மைத்துனி. மருத்துவர் ஓர் இளம்பெண், கொஞ்சம் குட்டை.

"சூடு எவ்வளவு இருக்கு டாக்டரம்மா?" என்று மனைவி கேட்டாள்.

"நூத்தி மூணு. கொஞ்சம் முன்னாடி இன்னும் அதிகமா இருந்திருக்கும். நல்லவேளை, உடனே தூக்கிட்டு வந்தீங்க."

டிகிரியாரின் உதடு அசைந்தது. எல்லோரும் குனிந்தார்கள். "கண் மட்டத்துல வச்சுப் பார்த்தீங்களா?"

"இது டிஜிட்டல் சார். தானே நம்பர் காட்டும்."

அவர் கண்களை மூடிக்கொண்டார். பழக்கம் யாரை விட்டது? நூற்றி மூன்றில் முப்பத்திரண்டைக் கழித்தார். அது இப்போது திரும்பி வந்திருந்தது. எழுபத்தொன்று. ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகுத்தார். விடை வந்ததும் உதடுகளை இறுக மூடிக்கொண்டார். ஆனால் வாழ்நாள் முழுக்க அவர் போடும் கணக்கைக் காதால் கேட்டே வளர்ந்த வீடு அது.

"முப்பத்தொன்பது புள்ளி நாலு," என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.



"நாப்பது ஆகலையே அத்தான்?" என்றாள் மைத்துனி மெதுவாக.

அவர் ஈர விரிப்பை மூக்குவரை இழுத்துக்கொண்டார்.

"புள்ளிக்கு அப்புறம் வர்றதெல்லாம் கணக்குல வராது. அப்ப வெறும் முப்பத்தொன்பது. டாக்டரம்மா, அந்த ஐஸ் பையை எடுத்துடுங்க. எங்க அத்தானுக்கு ஒண்ணுமே இல்லை. மூட்டை காத்துக்கிட்டிருக்கு, எழுந்து வரச் சொல்லுங்க."

"சும்மா இருடி," என்று மனைவி தங்கையை அதட்டினாள். அதட்டிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்றே டிகிரியார் கடைசிவரை நம்பினார்.

பந்தயம் பந்தயம்தான். அவர் வேலைக்குத் திரும்பியபோது நடையில் ஆணி மட்டும் இருந்தது. பலகை இஸ்திரி அறையில், உருளைக்கு எதிர்ச்சுவரில், மைத்துனியின் கண் மட்டத்துக்குத் தொங்கியது. சுவரிலிருந்த விதியை அவள் ஓர் எழுத்தும் மாற்றவில்லை. "வெப்பமானி நாற்பது டிகிரி காட்டினால்" என்றுதான் இருந்தது. எங்கே இருக்கும் வெப்பமானி என்று அவர் எழுதவில்லையே! அன்று உச்சிப்பொழுதில் டிகிரியார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் குனிந்து பார்த்தார். வலப்பக்கம்: நாற்பத்தாறு. உருளை நின்றது. ஆறு பேரும் நடைக்கு வந்து, ஈரச்சாக்குக்கும் பூனைக்கும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். உருளை அண்ணன் கால் நீட்டிக் குறட்டை விட்டார்.

அவர் மனம் மாறிவிட்டது, தொழிலாளிகளின் வேதனை புரிந்துவிட்டது என்று எழுதிக் கண்ணைத் துடைத்துக்கொள்ள உங்களுக்கு ஆசையாக இருக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

அன்று மாலை டிகிரியார் அண்ணனுக்குப் போன் போட்டார். "அண்ணே. நூத்திப் பதினஞ்சு."

அங்கே பனி உருகிக்கொண்டிருந்த காலம். அண்ணனிடம் அன்றைக்கு மைனஸ் இல்லை. "நூத்திப் பதினஞ்சா? நீ எப்படிடா உயிரோட இருக்க?" என்று கேட்டார். டிகிரியார் அந்தக் கேள்விக்காகவே பிறந்தவர்போலச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

கணக்குச் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடலாம். நாற்பத்தாறு என்பது பாரன்ஹீட்டில் நூற்றிப் பதினாலு புள்ளி எட்டுதான். புள்ளிக்குப் பின்னால் வருவதைக் கணக்கிலேயே எடுக்காதவர், இப்போது அதை மேல்நோக்கி எடுத்துக்கொண்டார்.

உருளை ஏன் மத்தியானத்தில் நிற்கிறது என்று பார்க்க முதலாளி ஒருநாள் வந்தார். டிகிரியார் தடுமாறவில்லை. விருந்தாளியை அழைத்துப்போவதுபோல அவரை இஸ்திரி அறைக்குள் அழைத்துப்போய்ப் பலகைக்கு முன்னால் நிறுத்தினார். "பாருங்க சார். நூத்திப் பதினஞ்சு. இந்த வட்டாரத்துலயே இவ்வளவு யாருகிட்டயும் கிடையாது." முதலாளியின் கண்ணாடி வெள்ளையானது. "நிறுத்தியே வைங்க," என்று சொல்லிவிட்டு அவர் சுவரைத் தடவிக்கொண்டு வெளியேறினார். அதன்பிறகு அந்தப் பலகையைப் பழைய ஆணிக்குக் கொண்டுபோகச் சொன்னால் டிகிரியார் வேலையை விட்டாலும் விடுவார், பலகையை விடமாட்டார். ஆறு பேருக்கு மூன்று மணிவரை நிழல் கிடைத்தது. எதனால் கிடைத்தால் என்ன என்று மைத்துனி பேசாமல் இருந்துவிட்டாள். அவளுக்கு வேண்டியது நிழல்தான்.

இப்போது தேநீர் வேளையில் யாராவது "உஸ், என்ன வெயில்" என்றால் டிகிரியார் எண்ணைச் சொல்வதில்லை. மெல்லச் சிரிக்கிறார். "வெயிலா? இதுவா? அன்னைக்கு உருளைக்கிட்ட நான் நின்னேன் பாருங்க..." என்று தொடங்குகிறார். வீட்டில் மின்விசிறி இன்னமும் இரண்டில்தான் ஓடுகிறது. அடுப்படியில் ஆணி அடிக்க இடம் இல்லையாம். அது வேற விஷயம்.

சரி, இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களை ஒன்று கேட்கலாமா? நாற்பத்தாறு என்று வந்த இடத்தில், "இதெல்லாம் ஒரு சூடா? எங்க பக்கம் வந்து பாருங்க" என்று உங்களுக்கு உள்ளே ஒரு குரல் கேட்டதா? போன வாரம் வாசலில் மூட்டை இறக்கியவர் நெற்றியைத் துடைத்தபோது, கைப்பேசியைப் பார்த்து, "முப்பத்தெட்டுதான் காட்டுது" என்று சொன்னீர்களா? சொல்லியிருந்தால் பரவாயில்லை, பெரிய குற்றமொன்றும் இல்லை. அடுத்த முறை வாய் திறப்பதற்கு முன் தலையைத் தூக்கி, மேலே சுற்றும் மின்விசிறியை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு குனிந்து, காலடியில் பூனை ஏதும் படுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். படுத்திருந்தால், நீங்கள் எந்த ஆணியில் தொங்குகிறீர்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.